ஒரு வீட்டில் இரண்டு சான்றிதழ்

என் அண்ணன் இந்து. நான் கிறிஸ்தவள். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். ஒரே ஆயரிடம், ஒரே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பித்து பென்சில் பாக்ஸ் பரிசு வாங்கியதில் அண்ணன்தான் எப்போதும் முதல். ஆனாலும் அரசாங்கத்தின் கணக்கில் அவன் இந்து ஆதிதிராவிடர், எஸ்.சி. நான் கிறிஸ்தவ ஆதிதிராவிடர், பி.சி.

இதைச் செய்தது எங்கள் நைனா. 1990இல் அண்ணனைப் பள்ளியில் சேர்க்கும்போது மதம் என்ற இடத்தில் இந்து என்று சொன்னார். மூன்று வருஷம் கழித்து என்னைச் சேர்க்கும்போது கிறிஸ்தவம் என்று சொன்னார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அவன் வேலைக்குப் போவணும். நீ பொம்பளப் புள்ள, உனக்கு மிஷன் ஆஸ்டல்ல எடம் கெடச்சாப் போதும்னு நெனச்சேன்" என்றார். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. செஞ்சி கமிட்டியில் நெல் மூட்டையும் மல்லாட்டை மூட்டையும் தூக்கிய மனிதர் அவர். கையில் இருந்த இரண்டு சீட்டையும் அவருக்குத் தெரிந்தபடி போட்டார். அண்ணனுக்கு அரசு வேலை கிடைத்தது. நான் குரூப் 4 தேர்வை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அண்ணனின் பட்டியலில் இருந்திருந்தால் வேலை கிடைத்திருக்கும். என் பட்டியலில் அந்த மதிப்பெண் போதவில்லை.

இப்போது வல்லத்தில், செஞ்சி–திண்டிவனம் சாலையில், ஒரு சிறிய இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம், வருமானச் சான்று, எல்லாவற்றையும்விட அதிகமாகச் சாதிச் சான்று. மே, ஜூன் மாதங்களில் சாப்பிட நேரம் இருக்காது. சான்று ஒன்றுக்கு அறுபது ரூபாய். திரையில் மதம் என்று ஒரு கட்டம் வரும். ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடியவர்கள் திங்கட்கிழமை என் முன்னால் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "இந்துன்னே போட்டுடும்மா" என்பார்கள். போடுவேன். கேள்வி கேட்டதில்லை.

போன வருஷம் மே மாதம் என் மகளுக்கு அதே கட்டம் வந்தது. அவள் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். ஆறாம் வகுப்பில் சேர்க்கச் சான்று வேண்டும். மவுஸைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

என்ன வித்தியாசம் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து மதத்தில் இருப்பவர்தான் பட்டியல் சாதியினர் ஆக முடியும். 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் அதில் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். எத்தனை தலைமுறைக்கு முன்னால் மதம் மாறியிருந்தாலும் சரி, பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் என்றால் பி.சி. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எத்தனை தலைமுறை ஆனாலும் நாங்கள் யார் என்பது அரசுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உரிமை கொடுக்கும்போது மட்டும் மறந்துவிடுகிறது.

சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கு எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். அரசு அவர் தொழில் செய்தவர்களுக்கு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது. கூட உட்கார்ந்து தைத்த இந்துக்களுக்குக் கிடைத்தது, இவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் சாதியின் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அது காட்டப்படவில்லை என்றது நீதிமன்றம். எறையூரில் 2008 மார்ச் மாதம் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதிச் சண்டை மூண்டு, போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். இன்னும் என்ன காட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம், கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்களுக்கும் எஸ்.சி. உரிமை தர வேண்டும் என்று ஒன்றிய அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. அடுத்த வருஷம் நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வேறொரு தீர்ப்பு. புதுச்சேரிப் பெண் ஒருவர் எஸ்.சி. சான்று கேட்ட வழக்கு. கிறிஸ்தவ வழிபாட்டில் இருந்துகொண்டே இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்று தீர்ப்பில் சொன்னார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் அண்ணன் வாட்ஸ்அப்பில் வைத்திருந்த சிலுவைப் படத்தை எடுத்துவிட்டு ரோஜாப்பூ வைத்தான். கிறிஸ்துமஸ் அன்று விடியற்கால ஆராதனைக்கு வந்தான். தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே போய்விட்டான்.

எங்கள் குடும்பம் கோயிலுக்கு வந்த கதை தாது வருஷப் பஞ்சத்தில் தொடங்குகிறது. 1876இலிருந்து 78வரை. செஞ்சி, சேத்துப்பட்டு, திண்டிவனம் பக்கம் ஏராளமானோர் அந்தக் காலத்தில்தான் வேதத்தில் சேர்ந்தார்கள். சேத்துப்பட்டுப் பக்கம் கத்தோலிக்கர்கள். எங்களைப் போன்றவர்கள் ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷனில். (செஞ்சிக்கு ஏசு சபைப் பாதிரியார் பிமெந்தா 1597இலேயே வந்திருக்கிறார். அவர் பார்க்க வந்தது கிருஷ்ணப்ப நாயக்கரின் அரண்மனையை. சேரிப் பக்கம் ஒரு பாதிரியார் எட்டிப் பார்க்க இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆனது.) அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு பட்டம் உண்டு. கஞ்சிக்கு மதம் மாறினவங்க. இப்போது இன்னொரு பட்டமும் சேர்ந்திருக்கிறது. சலுகைக்கு மதத்தை மறைக்கிறவங்க. சேர்ந்ததும் வயிற்றுக்காக, மறைப்பதும் வயிற்றுக்காக என்றால் நடுவில் இந்த நூற்றைம்பது வருஷம் நாங்கள் முழங்காலில் நின்றது எதற்காக என்று யாரும் கேட்பதில்லை.

ஆயா சொல்லுவாள், அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கூரைக் கொட்டகை. வாரநாளில் அ, ஆ சொல்லிக் கொடுத்தவரே ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தார். உபதேசியார் என்று பெயர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளைத் திண்ணையில்கூட ஏற்றாத காலம். கடவுளும் எழுத்தும் ஒரே ஆளின் கையிலிருந்து வந்தன. பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதும் எந்தக் கடவுளைக் கும்பிடுவது என்பதும் அவளுக்கு ஒரே கேள்வி. எனக்கு அவை இரண்டு. ஒன்றுக்கொன்று எதிராக வேறு நின்றன.

அம்மாவின் ஆசை, பேத்தியை மிஷன் பள்ளியில் சேர்க்க வேண்டும். "நான் படிச்ச இஸ்கூலு. காத்தால ஜெபம் இருக்கும், புள்ள ஒழுங்கா வளரும்." அரசு உதவி பெறும் பள்ளி. ஃபீஸ் என்று பெரிதாக எதுவும் இல்லை. என் மகளுக்கும் அங்கே போகத்தான் ஆசை, அவளுடைய காரணம் வேறு. எங்கள் பக்கம் ஒவ்வொரு பெண் பிள்ளையும் ஐடா ஸ்கடர் கதையைக் கேட்டுத்தான் வளர்கிறாள். திண்டிவனம் பங்களாவில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு மேல்சாதிக்காரர். மூன்று பேரின் மனைவிக்கும் பிரசவ வலி. ஆண் டாக்டரான அப்பா வரக் கூடாது, பெண்தான் வர வேண்டும் என்கிறார்கள். ஐடாவுக்கு அன்றைக்கு வைத்தியம் தெரியாது. விடியும்போது மூன்று பெண்களும் செத்துவிட்டார்கள். அமெரிக்காவுக்குத் திரும்பிப் போக இருந்த அந்தப் பெண் டாக்டராகி வந்து வேலூரில் ஆஸ்பத்திரி கட்டியதும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியதும் அந்த ராத்திரியால்தான் என்று சண்டே ஸ்கூலில் சொல்லிக் கொடுப்போம். நானே அந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான்காவதாக ஒருவர், எங்கள் காலனியிலிருந்து, அந்தக் கதவைத் தட்டியிருக்க முடியுமா என்று பிள்ளைகளிடம் கேட்டதில்லை. கதை கேட்ட நாளிலிருந்து மகள் டாக்டர்தான்.

பத்து வயசுக் கனவு. நாளைக்கே மாறலாம். ஆனால் இ-சேவை மையம் நடத்துகிறவளுக்கு ஒரு சாபம் உண்டு. எல்லா அரசாணையும் கண்ணில் படும். 2020இல் வந்த சட்டப்படி, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு. அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் அதை விரித்தார்கள். அரசு உதவி பெறும் பள்ளி இதில் கிடையாது. கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் வந்தது, புதுமைப் பெண் ஆயிரம் ரூபாயும் அதே வருஷம் தமிழ்வழி மாணவிகளுக்கு வந்தது. இந்தக் கதவு மட்டும் திறக்கவில்லை. ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கிறோமோ, அதுதான் ஏழு வருஷம் கழித்து வரப்போகும் கணக்கு.

ஆக, ஐடா கதையைச் சொல்லி என் மகளை டாக்டர் ஆகச் சொன்ன மிஷன், டாக்டர் ஆவதற்கான இந்த வழியில் அவளுடன் வர முடியாது. யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. சட்டம் அப்படி.

வீட்டுக்காரருக்கு இதில் குழப்பமே இல்லை. சென்ட்ரிங் வேலை செய்கிறவர். அவருடைய சான்றிதழில் இந்து. ஞானஸ்நானம் எடுத்தவர், என்னைவிட ஒழுங்காக ஜெபம் பண்ணுகிறவர். "மிஷன் இஸ்கூல்லயே சேத்துடு. சர்டிபிகேட்ட என்னுத வெச்சு எடு. எஸ்.சி. இருந்தா 7.5 எதுக்கு?" என்றார்.

"பொய்யில்லையா?"

"எது பொய்? நான் காலனியில பொறந்தேன். அது பொய்யா? வேலை செய்யிற வீட்ல எனக்குத் தண்ணி குடுக்கிறதுக்குன்னு தனியா ஒரு சொம்பு வச்சிருக்கான் பாரு, அவன் எங்கிட்ட பைபிள் இருக்கான்னு பாத்தா வச்சான்? பொய் சொன்னது நாம இல்ல, சட்டம் எழுதினவன். மதம் மாறினா சாதி போயிடும்னு எழுதினான் பாரு, அதான் பொய்."

பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியாது. அவர் சொன்னது முழுக்க நியாயம்.

என் கை ஏன் நின்றது என்பதற்குக் காரணம் வேறு. நைனா 2019இல் இறந்தார். கடைசி மாதங்களில் நினைவு தப்பித் தப்பி வரும். ஒருநாள் திடீரென்று, "பேதுரு மூணு தரம் மறுதலிச்சான். நான் ஒரே ஒரு தரம்தான், அதுவும் புள்ளைக்காக" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அப்போது கட்டில் பக்கத்தில்தான் இருந்தான்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கூட்டம். அண்ணனுடைய ஆபீசிலிருந்து ஏழெட்டுப் பேர் மாலையுடன் வந்திருந்தார்கள். ஆயர் வேதபாடம் வாசிக்க மூத்த மகனைக் கூப்பிட்டு வேதாகமத்தை நீட்டினார். அண்ணன் ஒரு அடி முன்னால் வைத்தான். அந்த ஏழெட்டுப் பேரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என் காதருகே குனிந்து, "நீ படி" என்றான். சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன். நான்தான் படித்தேன். ஊரில் பெண்கள் கல்லறை வரை வருவதே அதிகம் என்று நினைக்கிற சில கிழவர்கள் முறைத்தார்கள். அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு, வேறு யாருடைய சாவுக்கோ வந்தவன் மாதிரி நின்றான்.

அன்றைக்கு எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பொறாமை என்று ஒன்று பல வருஷமாக இருந்தது, அது போய்விட்டது.

நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "எஸ்.சி.யும் மிஷன் இஸ்கூலும் ஒரு கணக்கு. பி.சி.யும் கவர்மென்ட் இஸ்கூலும் ஒரு கணக்கு. ரெண்டாவத எடுத்துக்கலாம்." அவர் வெகுநேரம் பேசவில்லை. "உன் புத்தி உனக்கு. நாளைக்கு அவ வந்து கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்றார். அதுவும் நியாயம்தான். ஒரு மதிப்பெண்ணில் போன வேலையை மூன்று தடவை பார்த்தவள், அதே பட்டியலில் தன் பெண்ணையும் உட்கார வைக்கிறேன். சில ராத்திரி தூக்கம் வராது.

அம்மா ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. கர்த்தருடைய பேரைச் சான்றிதழில் வைத்துக்கொண்டு கர்த்தருடைய பள்ளிக்கூடத்தைவிட்டுப் பிள்ளையை வெளியே கொண்டுபோகிறேனே என்பது அவளுக்குப் புரியவே இல்லை. இப்போது தினமும் காலையில் பேத்தியைப் பள்ளிக்கு அனுப்புவதற்குமுன் அவளே ஜெபம் செய்கிறாள். நீளமான ஜெபம். இரண்டு முறை பஸ் போய்விட்டது.

மகள் செஞ்சியில் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்று டீச்சர் சொன்னதைக் கேட்டு வந்து ராஜகிரியைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தாள். சேர்க்கும்போது ஒருமுறை சான்றிதழை வாங்கிப் பார்த்து, "மாமாக்கு மட்டும் ஏம்மா வேற?" என்றாள். தாத்தாவைக் கேள் என்று சொல்ல முடியாது. "பெருசானதும் சொல்றேன்" என்றேன். அவள் விடுகிற பிள்ளை இல்லை.

சான்று வந்த மறுநாள் கடைக்கு ஒரு அக்கா வந்தார். எங்கள் கோயிலில் பாடகர் குழுவில் முன்வரிசை. மகனை ஒன்பதாம் வகுப்பில் வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டும். காகிதங்களை நீட்டிவிட்டு, வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"மதம்?" என்று கேட்டேன். கேட்டதில்லை இதற்கு முன்னால். வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் முகம் ஒரு நொடி மாறியது. "இந்துதான்" என்றார்.

போட்டேன். அறுபது ரூபாயும் ஜெராக்சுக்கு எட்டு ரூபாயும் எடுத்து வைத்தவர், பையை மூடிக்கொண்டே சொன்னார்: "புதங்கெழம ஜெபக்கூட்டம் எங்க வூட்ல. பொண்ணயும் இட்டுனு வந்துடு."