வெள்ளியும் விரலும்

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் போகிறவர்கள் கோபுரங்களுக்கு முன்னால் தொழிற்சாலைகளைப் பார்த்தாக வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்துவரும் ஹூண்டாய், அதைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங், ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான். வழியில் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த உணவகங்கள். ஷிப்ட் முடிந்த பெண்களோடு கம்பெனி பஸ்கள் எதிரே வந்தபடி இருந்தன.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்ட ஒரு வீட்டில் எட்டிப் பார்த்தேன். "வாங்க சார், உக்காருங்க" என்றார் பெரியவர், குழித்தறியை விட்டு எழாமலே. தறியில் பச்சைக் கரை போட்ட அரக்குச் சேலை. உடலுக்கும் இரு கரைகளுக்குமாக மூன்று நாடா ஓட்டி, நிறம் மாறும் இடத்தில் இழையோடு இழை பூட்டிக்கொண்டே போவதுதான் கோர்வை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அங்கே அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

மகனைப் பற்றிக் கேட்டேன்.

"கம்பெனிக்குப் போறான் சார். மாசம் பொறந்தா சம்பளம், பி.எஃப். இருக்கு. பொண்ணு குடுக்கறவங்க அதைத்தானே கேக்கறாங்க?"

காஞ்சிபுரம் என்றைக்குமே மூலப்பொருளால் பிழைத்த ஊர் அல்ல. பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ராமநகரம் பட்டுக்கூட்டுச் சந்தையில் விலை ஏறினால் இங்கே பாவு ஓட்டுபவருக்கு வலிக்கும். ஜரிகைக்கு சூரத். 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு முக்கியமாகக் காப்பது ஊரின் கைப்பழக்கத்தைத்தான்.

இப்போது பொருள், கை என்று இரண்டு பக்கமும் இழுபறி. அசல் ஜரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளி சுற்றி, தங்க முலாம் பூசியது. சூரிய மின்தகடுகளுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் வெள்ளி தேவைப்படுவதால் அதன் விலை உலகச் சந்தையில் ஏறிவந்தது. 2025இல் எகிறியே விட்டது. காந்தி ரோடு கடைகளில் அசலுக்குப் பக்கத்திலேயே விலை குறைந்த டெஸ்டட் ஜரிகைச் சேலைகளும் அடுக்கியிருக்கிறார்கள். வெள்ளியைக் கேட்கும் அதே செல்போன் தொழில்தான், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளையும் கேட்கிறது.

அந்தப் பையனை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலேயே 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, 2014இல் மூடப்பட்டது. அந்த இடத்துக்குப் பின்னர் வேறு கம்பெனி வந்தது. நிலமும் மின்சாரமும் சலுகையும் இருந்தால் ஆலை திரும்ப வரும். பிள்ளைப் பருவத்திலிருந்து தறியோரம் உட்கார்ந்து படிந்த கோர்வைக் கைக்கு அப்படி டெண்டர் விட முடியாது.