பனிச்சறுக்குக்கு ஓர் ஊர் தேடிய கதை

திருச்சியில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பனி என்றால் மார்கழி மாதத்தில் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொள்கிற சமாச்சாரம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான், எழுபது வயதில், சுவிட்சர்லாந்தில் எந்த மலை ஊரில் பனிச்சறுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று பத்து நாள் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தேன் என்றால் நம்புவீர்களா?

2019-ஆம் வருடம் பொங்கல் முடிந்த கையோடு நானும் என் மனைவியும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். சூரிச் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். பேத்திக்குப் பத்து வயது, பேரனுக்கு ஆறு.

அங்கே பிப்ரவரியில் பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு வாரம் விடுமுறை. 'ஸ்போர்ட்ஃபேரியன்' என்கிறார்கள், விளையாட்டு விடுமுறை. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் நிலக்கரித் தட்டுப்பாடு வந்து, பள்ளிக்கூடங்களைச் சூடேற்ற முடியாமல் குளிர்காலத்தில் சில நாள் மூடினார்கள். பிள்ளைகள் சும்மா இருக்க வேண்டாமே என்று மலைக்கு அனுப்பினார்கள். போர் முடிந்தது, நிலக்கரியும் வந்தது, ஆனால் லீவு மட்டும் நின்றுவிட்டது. லீவு என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது எந்த ஊரிலும் நடக்காத காரியம்.

அந்த லீவில் எப்போதும் வீட்டிலேயே இருப்பார்கள். வருடத்துக்கு ஒரு முறை கோடையில் இந்தியா வருவதற்கே பணமும் லீவும் தீர்ந்துவிடும். இந்த முறை மகள் சொன்னாள், "அப்பா, இந்த வருஷம் பிள்ளைங்களை ஸ்கீ பண்ணக் கூட்டிட்டுப் போயே ஆகணும். நீங்களும் அம்மாவும் வாங்க. ஊரை நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க. எங்க ரெண்டு பேருக்கும் நேரமில்லை."

அவள் ஏன் 'போயே ஆகணும்' என்றாள் என்பது அன்று இரவு தெரிந்தது. பேத்தி பாட்டியோடுதான் படுப்பாள். விளக்கை அணைத்த பிறகு ரகசியமாகச் சொன்னாளாம், "பாட்டி, அடுத்த வருஷம் கிளாஸ்ல எல்லாரையும் ஒரு வாரம் ஸ்கீ கேம்ப் கூட்டிட்டுப் போவாங்க. அந்த வாரம் மட்டும் எனக்கு ஜுரம் வரணும்னு சாமிகிட்ட வேண்டிக்கோ." அவள் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் நாலு வயதிலிருந்தே சறுக்குகிறவர்கள். இவள் ஒரு முறைகூட ஸ்கீயைக் காலில் மாட்டியதில்லை.

பணம் அங்கே பிரச்சினை இல்லை. 2017 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கட்டாயப் பள்ளிக் கல்வியைச் சேர்ந்த முகாம்களுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது, நாளைக்குப் பத்திலிருந்து பதினாறு பிராங்கு வரைதான் என்று சொல்லிவிட்டது. பேத்தியின் பயம் பணத்தைப் பற்றியதே அல்ல. எல்லார் முன்னாலும் விழுவோமே என்பதுதான்.

மனைவி இதைச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு வேறு காரணம் இருந்தது. பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் காலையிலேயே வேலையில் இறங்கினேன். வங்கியில் முப்பத்து நாலு வருடம் கடன் மனுக்களைப் பார்த்த புத்தி. ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் என்ன வேண்டும் என்று கேட்டேன்.

மாப்பிள்ளைக்கு ஸெர்மாட். மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்த்தபடி காபி குடிக்க வேண்டுமாம். மனைவிக்கு டிட்லிஸ். "எதிர்வீட்டு அம்மா போயிட்டு வந்து, ஷாருக் கான் கஜோல் அட்டைப் படத்துக்குப் பக்கத்துல நின்ன போட்டோவை ஹால்ல மாட்டி வச்சிருக்காங்க. நாம மட்டும் ஏதோ கிளாரஸோ கிளாரினெட்டோ போயிட்டு வந்தோம்னா யாருக்குத் தெரியும்?" (கிளாரஸ் என்ற பெயரை நான் அதற்குள் ஒரு முறை உச்சரித்துத் தொலைத்திருந்தேன்.) பேரனுக்கு எங்கே போனாலும் ரயில் வேண்டும். பேத்தி ஒன்றும் சொல்லவில்லை.

ஸெர்மாட் பிரமாதமான ஊர்தான். ஊருக்குள் பெட்ரோல் வண்டி கிடையாது. டேஷ் என்ற இடத்தில் காரை விட்டுவிட்டு ரயிலில் போக வேண்டும். ஆனால் சூரிச்சிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம். அந்த மாதிரிப் பெரிய இடங்களில் பெரியவர்களுக்கு ஒரு நாள் லிஃப்ட் டிக்கெட்டே எண்பது பிராங்குக்குப் பக்கம். அப்போது ஒரு பிராங்கு எழுபது ரூபாய்க்குச் சற்று மேல். நான் பெருக்கிப் பார்க்கும்போதெல்லாம் மகள், "அப்பா, ரூபாயில மாத்தாதீங்க" என்பாள். மாற்றாமல் எப்படி இருப்பது? தவிர, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சறுக்குப் பாதை இருந்து என்ன? முதல் வாரம் கற்றுக்கொள்கிற பிள்ளை நிற்கப்போவது ஐம்பது மீட்டர் சரிவில்.

டிட்லிஸ் விஷயம் வேறு. மனைவிக்கு அதற்கு இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்திருந்தது. கிளம்பும் முன் எங்கள் டாக்டர், 2,500 மீட்டருக்கு மேல் ஏற வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டிட்லிஸ் மேல் நிலையம் 3,000 மீட்டருக்கு மேல். ஷாருக் கான் அங்கேதான் நிற்கிறார். கீழே எங்கல்பெர்க்கில் நிற்கலாம் என்றால், "எல்லாரும் மேலே போவீங்க, நான் கீழே உட்கார்ந்து பையைப் பார்த்துக்கணுமா?" என்றாள். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் நோட்டில் ஒரு கோடு போட்டு அந்தப் பெயரை அடித்தேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

தேடித் தேடிக் கடைசியில் மறுபடி கிளாரஸிலேயே வந்து நின்றேன். அந்த மாநிலத்தில் பிரவுன்வால்ட் என்று ஓர் ஊர், 1,256 மீட்டர் உயரத்தில். முந்நூறு பேர் மாதிரிதான் குடியிருப்பு. மேலே ஊருக்குக் கார் போக வழி இல்லை. லிந்தால் வரை ரயில், அங்கிருந்து 1907-லிருந்து ஓடுகிற ஃபனிகுலர் என்னும் கம்பி இழுக்கும் மலை ரயில். பேரன் விஷயம் முடிந்தது. சறுக்குப் பாதைகள் ஏறக்குறைய 1,900 மீட்டரோடு நின்றுவிடும். டாக்டர் விஷயமும் முடிந்தது. சறுக்காதவர்களுக்கு நடைபாதை உண்டு, மரச் சறுக்கு வண்டிப் பாதை உண்டு. பாதைகளுக்கு அங்கே நிறம் வைத்திருக்கிறார்கள்: நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிள்ளைகளோடு போகிறவர் பார்க்க வேண்டியது நீலத்தை. அதற்கும் முன்னால், 'மந்திரக் கம்பளம்' இருக்கிறதா என்று கேட்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டி வருகிற பட்டை மாதிரி தரையோடு ஓடுவது. பிள்ளை அதில் நின்றால் மேட்டுக்குக் கொண்டுபோய் விடும். நாற்காலி லிஃப்ட்டில் ஏறி இறங்கத் தெரியாத குழந்தைக்கு அதுதான் உயிர்.

உயரம் குறைந்த ஊரில் ஒரு ஆபத்து: பனி குறையலாம். இயந்திரத்தில் பனி செய்வதற்கும் காற்று பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். அந்த ஆபத்தைத் தெரிந்தே எடுத்தேன்.

எனக்கு அந்தப் பள்ளத்தாக்கின் மேல் இன்னொரு ஈடுபாடும் வந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளாரஸ் பருத்தித் துணியில் அச்சடித்துத் துருக்கிக்கும் கீழை நாடுகளுக்கும் ஏற்றுமதி செய்த இடம். கரூர் கிளையில் ஐந்து வருடம் ஜவுளி ஏற்றுமதிக் கணக்குகளைப் பார்த்தவன் நான். ஆல்ப்ஸ் மலைக்கு நடுவில் ஒரு கரூர்! மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அப்படியா மாமா" என்று மட்டும் சொன்னார்.

வாடகைக்குச் சமையலறையோடு ஒரு வீடு பிடித்தேன். ரசம் இல்லாமல் ஆறு நாள் ஓட்டக்கூடிய குடும்பம் இல்லை எங்களுடையது. ஸ்கீ பள்ளி பிள்ளைகள் கூடும் இடத்துக்கு நானூறு மீட்டர் என்று வரைபடம் காட்டியது. நோட்டில் 'நடை தூரம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த நானூறு மீட்டரும் ஏற்றம். இடத்தை நேரில் பார்க்காமல் ஒரு கடனுக்கும் கையெழுத்துப் போடாதவன், மலையில் ஒரு வீட்டைத் தட்டை வரைபடத்தைப் பார்த்து எடுத்துவிட்டேன். தினமும் காலையில் இரண்டு ஜோடி ஸ்கீ, பாறாங்கல் மாதிரி பூட்ஸ் போட்ட இரண்டு பிள்ளைகள், மூச்சிரைக்கிற ஒரு தாத்தா. மாப்பிள்ளை மரியாதைக்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை, பாவம்; ஸ்கீகளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நீங்கள் யாராவது பிள்ளைகளுக்கு இப்படி இடம் பார்க்க நேர்ந்தால், தூரத்தைக் கேட்காதீர்கள், ஏற்றமா இறக்கமா என்று கேளுங்கள்.

முதல் நாள் பேரன் ஒரே அழுகை. கையுறைக்குள் விரல்கள் மரத்துவிட்டன. அங்கே இருந்த ஓர் அம்மாள் பார்த்துவிட்டு, விரல் பிரியாத கையுறை வாங்குங்கள் என்று சைகையில் சொன்னார். மாற்றியதும் சரியானான். ஸ்கீ பள்ளிக்கு ஸ்னோலி என்று ஒரு வெள்ளை முயல் பொம்மை சின்னம். அதைக் காட்டியே சின்னப் பிள்ளைகளை வேலை வாங்குகிறார்கள். பிரேக் பிடிக்க ஸ்கீ முனைகளை 'பீட்ஸா' துண்டு மாதிரி சேர்க்க வேண்டும். இரண்டாம் நாள் அந்தச் சரிவு முழுக்க "பீட்ஸா! பீட்ஸா!" என்று கத்தல்தான்.

பேத்தி அழவில்லை. விழுந்தாள், எழுந்தாள், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். அவள் குழுவில் மற்றவர்கள் எல்லாம் ஆறு ஏழு வயதுக் குழந்தைகள். இவள் மட்டும் கொக்கு மாதிரி உயரமாக நின்றாள். அது எனக்கே உறுத்தியது. மூன்றாம் நாள் மலைக்காற்று, 'ஃபோன்' என்கிறார்கள், வெதுவெதுப்பாக அடித்து லிஃப்ட்டுகளை நிறுத்திவிட்டார்கள். 1861-இல் கீழே கிளாரஸ் நகரத்தில் பற்றிய தீயை ஊதி ஊரையே எரித்தது இந்தக் காற்றுதானாம். என் செலவில் ஒரு நாள் போயிற்று. அன்று மாலை வீட்டில் நானும் மகளும் மட்டும் இருந்தோம், காய் நறுக்கிக்கொண்டு.

நான் பின்னால் சொல்கிறேன் என்றது இதைத்தான். 1989-இல் இவள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் மைசூர் சுற்றுலா, 175 ரூபாய். கடைசித் தங்கையின் கல்யாணக் கடன் அப்போதுதான் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பல வருடம் கழித்து மனைவிதான் சொன்னாள்: டீச்சரிடம் இவள், "எனக்கு பஸ்ல போனா வாந்தி வரும் மிஸ், அதான் வரலை" என்று சொன்னாளாம். அப்பாவிடம் பணம் இல்லை என்று சொல்லாமல்.

ஜுரம் வர வேண்டும் என்று பேத்தி கேட்ட இரவில் எனக்கு அந்த வாந்திதான் ஞாபகம் வந்தது.

வெங்காயத்தை நறுக்கியபடியே, "அந்த மைசூர் டூருக்கு உன்னை அனுப்பியிருக்கணும்" என்றேன். முப்பது வருடத்தில் முதல் முறை.

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "அப்புறம் நானே மைசூர் பார்த்துட்டேன்பா" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா ஃப்ரெண்ட்ஸோட பார்க்கலை" என்றாள். பிறகு உப்பு எங்கே என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை, படிப்பு முடிந்ததற்குப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பந்தயம். பேத்தி இரண்டாவது வளைவில் சரியாகப் போய் விழுந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். எழுந்து, கழன்ற ஒரு ஸ்கீயைத் தானே மாட்டிக்கொண்டு, பீட்ஸா போட்டு மெதுவாகக் கீழே வந்து சேர்ந்தாள். கடைசி இடம். எல்லாருக்கும் ஒரு பதக்கம், இவளுக்கும். பேரன் தன் பதக்கத்தைத் தூங்கும்போதும் கழற்றவில்லை. என் மனைவி ஸ்னோலி முயலுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். அது இப்போது எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் இது டிட்லிஸா என்று கேட்டால் அவள் இல்லை என்று சொல்வதில்லை.

அடுத்த ஜனவரியில் நாங்கள் திருச்சியில் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வாசலில் ஒரு பெரிய பை, அதன் மேல் ஹெல்மெட், விரல் பிரியாத கையுறை. கீழே எழுதியிருந்தாள்: "அவளே எடுத்து வச்சுக்கிட்டா. ஜுரம் இல்லை."