ஆகாதது இரண்டு, நிறுத்தியது எட்டு!

எங்கள் வீட்டுத் தொழுவத்தில் இரண்டு எருமைகள் நிற்கின்றன. ஆனால் என் மகளுக்கோ பால் ஆகாது! அரை டம்ளர் குடித்தாலும் வயிறு உப்பிப் பேதியாகிவிடும். சைவக் குடும்பமானாலும் சத்துக்காக முட்டை கொடுத்துப் பார்த்தோம். உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்துவிட்டது.

அன்று பிடித்தது எனக்குப் பயம். பாலோடு தயிரையும் நிறுத்தினேன். பருப்பும் பயறும் வாயு என்றாள் பக்கத்து வீட்டு அக்கா, நிறுத்தினேன். கடலை பித்தம், கோதுமை சூடு என்றார்கள்; அவையும் போயின. கொள்ளுப் பருப்பு கடையப் போனால் என் மாமியார், "ஏன் அம்மிணி, இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு தெரியாதா? புள்ளை இன்னும் தேஞ்சு போயிருவா" என்று தடுத்துவிட்டார். மிஞ்சியது ரசம் சோறும் அப்பளமும்தான்.

பதின்மூன்று வயதிலும் இரண்டு வருஷத்துப் பழைய பாவாடை அவளுக்குச் சரியாக இருந்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. "எல்லாரும் வளந்துட்டாங்கம்மா, பிரேயர்ல நான் மட்டும் இன்னும் முன் வரிசையிலயே நிக்கறேன்" என்று அவள் சொன்ன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே புரதப் பவுடர் டப்பா ஒன்று வாங்கி வந்தேன். கலக்கிக் கொடுத்தால் மறுபடியும் பேதி. டப்பாவைத் திருப்பிப் படித்தால் முதல் பொருளே பால் பவுடர்!

பிறகுதான் கோயம்புத்தூரில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள், "ஆகாதது இரண்டுதான். நீங்கள் நிறுத்தியது எட்டு. உங்கள் பெண் நோயால் இளைக்கவில்லை, பத்தியத்தால் இளைத்திருக்கிறாள்" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. பயத்தினால் நானே என் பிள்ளையை அரைப்பட்டினி போட்டிருக்கிறேன்!

பாலிலுள்ள சர்க்கரை செரிக்காததுதான் வயிற்றுக் கோளாறுக்குக் காரணம் என்று பரிசோதித்துச் சொன்னார். தயிரில் அந்தச் சர்க்கரை குறைவு என்பதால் சிறு கிண்ணம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார், ஒத்துக்கொண்டது. முட்டை அப்படியல்ல, அது ஒவ்வாமை. வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது என்றார். மற்றவற்றை ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளி விட்டுச் சேர்த்தோம். ஒன்றும் செய்யவில்லை.

இந்த வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 43 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் பரிந்துரைத்திருக்கிறது. நான் போடும் கணக்கு இதுதான். (வேக வைக்கும் முன் உள்ள எடை.)

கம்பு 100 கிராம் - 11
அரிசி 100 கிராம் - 8
பச்சைப்பயறு 40 கிராம் - 9
கொள்ளு 40 கிராம் - 9
நிலக்கடலை 30 கிராம் - 7

ஆக 44 கிராம். எல்லாம் நம் சந்தையில் கிடைப்பவைதான். தானியத்தில் குறைவான சத்தைப் பருப்பு ஈடு செய்கிறது. பருப்பின் குறையைத் தானியம் ஈடு செய்கிறது. நம் அரிசியும் பருப்பும் சாதத்தின் சூட்சுமம் அதுதான் போலும்! பயறுகளை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயுத் தொந்தரவு குறைகிறது. பால் இல்லாததால் சுண்ணாம்புச் சத்துக்கு ராகிக் களியும் எள்ளுருண்டையும்.

எட்டு மாதத்தில் நாலு கிலோ ஏறியிருக்கிறாள். பழைய பாவாடை தங்கைக்குப் போய்விட்டது. இப்போதெல்லாம் கொள்ளு கடைவது யார் தெரியுமா? என் மாமியாரேதான்!

சகோதரிகளே, ஆகாததைத் தயங்காமல் விலக்குங்கள். ஆனால் எது ஆகாது என்பதை டாக்டர் சொல்லட்டும், பக்கத்து வீடு சொல்ல வேண்டாம். தட்டிலிருந்து ஒன்றை எடுக்கும்போதே, அந்த இடத்தில் எதை வைப்பது என்றும் கேட்டுக்கொண்டு வாருங்கள். நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.