மனக்கோயிலும் பழைய மிதிவண்டியும்

சைவ நன்மக்களுக்குத் திருக்கோயில் வழிபாடு எத்துணை இன்றியமையாதது என்பதனை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மெய்கண்ட தேவனார் தம் நூலின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே கண்டு தொழுதல் வேண்டும் என்று கூறி முடித்தருளினார். அணைந்தோர்க்கே விதிக்கப்பட்ட அவ்வழிபாடு ஏனையோர்க்கு எத்துணைக் கடப்பாடுடையது என்பது சொல்லாமலே விளங்கும். அங்ஙனமாயின், அவ்வாலயத்தின் திருக்கதவம் வழிபடுவோர்க்கு அடைபட்டுக் கிடக்கும் நாளில் ஒருவர் செய்யத்தக்கது யாது? இவ்வினா நூலாராய்ச்சியின் பொருட்டு எழுந்ததன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோய் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு வந்தபொழுது, தமிழ்நாட்டுத் திருக்கோயில்களுள் நித்திய பூசைகள் குருக்கள்மாரால் உள்ளே நடைபெற்று வந்தனவேனும், அன்பர்கள் உட்புகுதல் நிறுத்தப்பட்டது. அப்பொழுது இவ்வினா பலருடைய இல்லங்களில் உண்மையாகவே எழுந்தது.

மயிலாடுதுறையில் வாழும் அன்பர் ஒருவர்க்கும் அஃது எழுந்தது. பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அப்பொழுது அகவை அறுபத்திரண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாலைதோறும் மாயூரநாதர் திருக்கோயிலுக்குச் செல்லும் வழக்கத்தைக் கைவிடாதவர். காய்ச்சல் வந்த நாளிலும் போர்வையைப் போர்த்துக்கொண்டு சென்று வந்தவர் என்றால், அவ்வழக்கத்தின் உறைப்பு ஒருவாறு விளங்கும். திருக்கோயில் அடைபட்ட முதல் வாரத்தில் அவர் பெரிதும் வருந்திற்றிலர். திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் இருக்க நமக்கு என்ன குறை என்று எண்ணினார். மாலையில் பூசையறையில் அமர்ந்து கண்களை மூடி, அகத்தே கோயிலை வலம் வரத் தொடங்கினார்.

கிழக்கிலுள்ள ஒன்பது நிலைக் கோபுரம் தோன்றிற்று. அடுத்த கணமே கருவறையும் சிவலிங்கத் திருமேனியும் தோன்றின. இடையில் ஒன்றும் தோன்றவில்லை. மீண்டும் முயன்றார், மீண்டும் கோபுரம், மீண்டும் கருவறை. நந்திதேவர் எங்கே, வாயிற்காவலர் ஊன்றிய கை எது, தூண்களில் எதனருகே நாள்தோறும் நின்று நீறணிந்தார் என்பன ஒன்றும் நினைவிற்கு வந்தில. பின்னர் அக்கருவறையும் கலைந்து, காய்கறிக் கடை திறக்கும் நேரமும் ஓய்வூதியக் கணக்கும் அவ்விடத்தில் வந்து நின்றன. நான்காம் நாள் அவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். முப்பது ஆண்டும் நடந்தவை கால்களே. கருத்து அவற்றோடு சென்றதோ என்னும் ஐயம் அவரைப் பற்றிக்கொண்டது. ஐயம் என்று சொல்வதினும் அச்சம் என்று சொல்வதே பொருந்தும். வாழ்நாளில் ஈட்டிய பொருள் ஒன்று உண்டு என்று பேழையைத் திறந்தவன், அது வெறிதாயிருக்கக் கண்டாற்போன்ற நிலை அது.

அதன் பின் அவர்க்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நாள் நீண்டது. திண்ணைக்கும் கொல்லைக்கும் நடந்தார். சிவஞான சித்தியாரை எடுத்தால் ஒரு செய்யுளைத் தாண்டிச் செல்லவில்லை. இந்நிலையில்தான் கொல்லைக் கொட்டிலில் தென்னை மட்டைகளுக்குப் பின்னே சார்த்திக் கிடந்த பழைய மிதிவண்டி அவர் கண்ணிற் பட்டது.

அது அவர் தந்தையார் 1961-இல் வாங்கிய ஹெர்குலிஸ் வண்டி. சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி. ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தார் செய்தது. அந்நிறுவனம் 1949-இல் ஆங்கில நாட்டுக் கூட்டுறவோடு தொடங்கப்பெற்றது. இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், தோல் இருக்கை, கயிற்றுக்கு மாறாக இரும்புக் கம்பிகளாலேயே இழுக்கப்படும் தடை, கரிய வண்ணத்தின் மேல் மெல்லிய பொற்கோடு என இவையெல்லாம் அக்காலத்து வண்டிகளுக்குரிய அமைப்புக்கள். தந்தையார் ஞாயிறுதோறும் அதிலேறிக் குத்தாலம் என வழங்கும் திருத்துருத்திப் பக்கத்துச் சிற்றூர்களுக்குச் சென்று, பிள்ளைகளுக்குத் தேவாரம் கற்பித்து வருவார். அவர் மறைந்தபின் வண்டி கொட்டிலை அடைந்தது. பழைய இரும்பு வாங்குவோர்க்குக் கொடுத்துவிடலாம் என்று தம்பியார் சென்னையிலிருந்து இருமுறை தொலைபேசியிற் கூறியிருந்தார். 'ஆகட்டும் தம்பி' என்று இவரும் கூறியிருந்தார்.

அதனை வெளியே எடுத்துக் கழற்றத் தொடங்கினார். இதிற் பெருங்குறிக்கோள் யாதும் இருந்ததாகத் தெரியவில்லை. கைகளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவே. அடுத்த தெருவில் ஐம்பது ஆண்டாகச் சைக்கிள் கடை வைத்திருந்த முதியவர், கடை மூடியிருந்தமையால், தொலைபேசியிலேயே வழி கூறினார். அவர் கூறிய முதல் விதி இது: 'ஐயா, கழற்றுகிற வரிசையிலேயே துணியில் வையுங்கள். கடைசியில் கழற்றியதை முதலில் பூட்டவேண்டும். கையிலே வரிசை இருந்தால் புத்தகம் வேண்டாம்.' அவ்வாறே ஒரு பழைய வேட்டியைத் தாழ்வாரத்தில் விரித்து, ஒவ்வோர் உறுப்பையும் இடமிருந்து வலமாக வைத்து வந்தார்.

இவ்வேலை விரைவிற்கு இடங்கொடாதது. மிதிகட்டையின் மரைகளுள் வலப்பக்கத்தது நேராகவும் இடப்பக்கத்தது மறுதலையாகவும் திரும்பும். அறியாதார் கழற்றுவதாக எண்ணி இறுக்கிவிடுவர். தண்டை அச்சோடு பிணிக்கும் காட்டர்பின்னை மண்ணெண்ணெய் இட்டு இரண்டு நாள் ஊறவிடாமல் அடித்தால், ஆணி வளையுமேயன்றி வெளிவராது. பின்சக்கரத்து அச்சினுள் 'பால்ரஸ்' என வழங்கும் எஃகுக் குண்டுகள் பக்கத்திற்கு ஒன்பதாகப் பதினெட்டு இருக்கும். அவற்றுள் ஒன்று உருண்டோடிவிட, ஒரு முற்பகல் முழுதும் தேடி ஆட்டுக்கல்லின் அடியிற் கண்டெடுத்தார். முன்சக்கரத்திற்கு முப்பத்திரண்டும், சுமை தாங்கும் பின்சக்கரத்திற்கு நாற்பதுமாக ஆரக்கம்பிகள் எழுபத்திரண்டு. அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து, சக்கரத்தைச் சுழற்றி, எங்கே வளைகின்றது என்று நோக்கி, ஒருபுறத்துக் கம்பியைக் கால் திருப்பு இறுக்கி மறுபுறத்ததை அவ்வளவே நெகிழ்த்திக் கோட்டம் எடுத்தல் வேண்டும். ஒரு கம்பியை மிகுதியும் இறுக்கினால் கோட்டம் அப்பால் சென்று நிற்கும். ஒரு நாளில் ஒரு சக்கரம் முடிந்தால் அது பெரிது.

'கோயிலை வலம் வராத குறைக்கு இந்த இரும்பை வலம் வருகிறீர்களா?' என்று மனைவியார் ஒருநாள் நகைத்துக் கேட்டனர். அவ்வம்மையார் அதே தாழ்வாரத்தின் மறுமுனையில் பூசைக்குரிய செப்புக்குடத்தைப் புளியிட்டு விளக்கிக்கொண்டிருந்தனர். அப்புளியிற் சிறிது வாங்கி இவரும் சக்கரத்து வளையத்தின் துருவின்மேல் தேய்த்தார். புளிப்பினால் துரு கரைந்து பளபளப்புத் தோன்றிற்று. ஒருபால் செம்பும் களிம்பும், ஒருபால் இரும்பும் துருவும். சைவநூற் பயிற்சியுடையார்க்கு இக்காட்சி சும்மா இராதன்றோ? துருவை ஆணவ மலத்திற்கு உவமையாக வைத்து ஒரு சொற்பொழிவே ஆற்றிவிடலாமென்று அவர்க்குத் தோன்றிற்று.

ஆயின் அவ்வுவமை நில்லாது. ஆணவம் உயிரோடு அநாதியே உடனாய் நிற்பது. அதுபற்றியே செம்பிற் களிம்பும் நெல்லில் உமியும் நம் நூல்களில் எடுத்துக்காட்டப்பெற்றன. துருவோ ஈரமும் காற்றும் கூடியவழி இடையே வந்தேறுவது. அதனை ஆணவத்திற்கு ஒப்பாகக் கொண்டால், தூயதாயிருந்த உயிரை மலம் பின்னர்ப் பற்றிற்று என்றாகி, சித்தாந்தத்தின் அடிப்படையே குலையும். களிம்பும் அவ்வாறு பின்வந்ததே என்று இக்காலப் பொருள்நூலார் கூறுவர், அது மெய்யே. எனினும் உவமை என்பது ஒருபுடை ஒப்புமையேயாதலின், எவ்வளவு விளக்கினும் செம்பு தன்னியல்பிலேயே மீண்டும் பசப்பதுபோல் தோன்றும் அத்தோற்றத்தளவிற் கொண்டு அமைதல் வேண்டும். துருவை வேண்டுமாயின் ஆகாமியத்திற்குச் சொல்லலாம். கொட்டிலில் நனையவிட்டது நம் செயலன்றோ! காண்பனவற்றையெல்லாம் மலமாகவும் அருளாகவும் உருவகித்துப் பேசும் வழக்கம் இக்காலத்து மிகுந்து வருகின்றது; துருவைத் துரு என்று கண்டு துடைப்பதே போதிய சமயங்களும் உண்டு.

இங்குக் கூறவந்தது வேறு. மூன்றாம் வாரத்தளவில் அவர் மாலையில் மீண்டும் பூசையறையில் அமர்ந்தார். கண்ணை மூடியவுடன், தாழ்வாரத்தில் விரித்த வேட்டியும் அதன்மேல் வரிசையாகக் கிடந்த உறுப்புக்களும் ஒன்றுவிடாமல் தோன்றின. எட்டு நாளே பழகிய இரும்புத் துண்டுகள் இத்துணைத் தெளிவாகத் தோன்ற, முப்பது ஆண்டு கண்ட கோயில் தோன்றாதது ஏன் என்று எண்ணினார். ஒவ்வோர் உறுப்பையும் கையிலெடுத்து, அதற்கு முன்னது எது, பின்னது எது என்று பார்த்து வைத்தமையே காரணம் என்பது புலனாயிற்று. அதன்பின் பூசலார் வரலாற்றை மீளவும் எடுத்துப் படித்தார்.

அவ்வரலாற்றை நாம் பெரும்பாலும் முடிவிலிருந்தே நினைக்கின்றோம். காடவர்கோன் கச்சியில் எடுத்த கற்றளிக்குக் குறித்த நாளை மாற்றுமாறு இறைவன் கனவிற் பணித்ததும், அரசன் திருநின்றவூர்க்கு வந்து கோயிலைத் தேடிக் காணாது நாயனாரை வணங்கியதும் நம் நெஞ்சில் நிற்கின்றன. சேக்கிழார் பெருமான் அதற்கு முன் கூறுவதனைக் கடந்துவிடுகின்றோம். பொருள் தேடிக் கிடையாமையால் நைந்த நாயனார், மனத்திலேயே பொருளும் பொருந்திய கருவிகளும் தச்சரும் தேடிக்கொண்டார். நல்ல நாளில் தொடங்கினார். இரவிலும் கண்துயிலாது அடிநிலை முதல் வரிசை வரிசையாக எடுத்துச் சிகரமும் தூபியும் முடித்தார். சுதை வேலையும், கிணறும், திருமதிலும், குளமும் எஞ்சாமல் அமைத்தார். அதற்கு நெடுநாள் சென்றது. அரசனது கற்றளி முடிந்த காலத்திலேயே இம்மனக்கோயிலும் முடிந்தது என்பதனை உன்னுதல் வேண்டும். நினைத்த மாத்திரத்தில் தோன்றியதாயின் இரண்டிற்கும் ஒரு நாளே குறிக்கப்பட்டிராது. அகவழிபாடு புறவழிபாட்டினும் எளிது என்று கொண்டு கண்மூடி அமர்வார், இங்கே சிறிது நின்று சிந்தித்தல் நன்று.

அன்பர் தம் முறையை மாற்றிக்கொண்டார். ஒரு மாலைக்கு ஓரிடம் என்று வரையறுத்தார். முதல் மாலை கோபுர வாயில் மட்டும். படியின் தேய்வு, கதவின் குமிழ்கள், உள்ளே புகுந்தவுடன் முகத்திற் படும் குளிர்ச்சி என்று தேடித் தேடிச் சேர்த்தார். நினைவிற்கு வாராதனவற்றை வந்ததாகக் கொள்ளவில்லை. அவ்விடத்தை வெறிதாகவே விட்டு அப்பாற் சென்றார். தென்புறத்துத் தட்சிணாமூர்த்தி, மேற்கில் இலிங்கோற்பவர், வடபுறத்தில் துர்க்கையம்மை, சண்டேசுரர், அபயாம்பிகை திருமுன் என்று வலம் ஒருமுறை முற்றுதற்கு ஆறு வாரம் சென்றது. பகலில் வண்டி, மாலையில் கோயில். நாள் நீண்டது என்னும் குறை எங்கோ போயிற்று. மனைவியார் தொடுத்த பூவை வாங்கிவைக்கவும், உச்சியில் ஊண் முடித்துத் திண்ணையில் வாளா இருக்கவும், அவர்க்குப் பொழுது கிடைத்தது.

மேற்பட்டையைத் துடைத்தபொழுது ஓரிடத்தில் வண்ணம் முற்றும் தேய்ந்து இரும்பு வெளிப்பட்டிருந்தது. அது துரு அன்று. ஏழு அகவைச் சிறுவராயிருந்தபொழுது அவர் தாமே உட்கார்ந்து சென்ற இடம். தந்தையார் அவரை அங்கே அமர்த்திக் காவிரிக்கரையை ஒட்டிச் செல்லும் சாலையில் மிதித்துச் செல்கையில், மைல்கல்லுக்கு ஒரு திருப்பாட்டாகப் பதிகம் பாடுவார். சிறுவர் திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லத் தவறினால் அடுத்த கல் வரும்வரையில் அதே பாட்டுத்தான். போகும்போது பாதியும் வரும்போது மீதியுமாகப் பதிகம் முடியும். ஒரு பாட்டை மறந்தால், அது எந்தக் கல்லினருகே பாடியது, அங்கே என்ன மரம் நின்றது என்று எண்ணிப் பார்த்தால் பாட்டு வந்துவிடும். அச்சிறுவயதிற் கற்றவை இன்றும் அவர்க்குத் தவறுவதில்லை. பிற்காலத்தில் ஏட்டைப் பார்த்துப் படித்தவையே தவறுகின்றன.

கடைகள் திறந்தபின் டயரும் டியூபும் தடைக்கட்டைகளும் வந்தன. அவ்வாண்டு சூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை உரிய காலத்தில் திறக்கப்பெற்று, காவிரியில் நீர் வரும் நாளில் வண்டி முழுமையுற்றது. தம்பி மகன், புதிதாக வண்ணம் ஏற்றுதற்குரிய செலவைத் தானே தருவதாகச் சொன்னான். இவர் பிற இடங்களில் துருவை நீக்கி எண்ணெய் பூசியதோடு அமைந்தார்; மேற்பட்டையில் அத்தேய்வை அப்படியே விட்டார். பழைய பொருளின்மேல் வைத்த பற்றும் பாசமே என்று நண்பர் ஒருவர் கடிந்தார். அக்கடிதல் முற்றும் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. இவ்வேலையைச் சிவபுண்ணியத்துள் வைத்து எண்ணுதலும் மிகையே. திருநாவுக்கரசு சுவாமிகளது உழவாரப் பணி திருவீதியைச் செதுக்கியது, தம் வீட்டுக் கொட்டிலையன்று. அன்பர் நண்பர்க்கு மறுமொழி ஒன்றும் கூறிற்றிலர். வண்டியை அவரிடம் கொடுத்து, ஒருமுறை தெருமுனைவரை ஓட்டி வரச் சொன்னார். நண்பர் மணியை அடித்துக்கொண்டே போய் வந்தார்.

செப்டம்பர் முதல் நாள் தமிழ்நாட்டுத் திருக்கோயில்கள் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டன. முதல் சில நாள்கள் வரிசையிலே நில்லாமற் செல்லவேண்டியிருந்தது. அதன்பின் கூட்டமில்லாத ஒரு மாலையில் அன்பர் அவ்வண்டியிலேயே சென்றார். கோபுரத்தருகே பூக்காரியம்மாளின் கடையோரம் அதனை நிறுத்தி உட்புகுந்தார். தம் மனக்கோயிலில் வெறிதாக விட்ட இடங்கள் ஏழு இருந்தன. அவற்றின் முன் ஒவ்வொன்றாக நின்றார். வாயிற்காவலர் ஊன்றிய கையைக் கண்டார். இலிங்கோற்பவர் திருமுன் விளக்கைத் தாம் மறுபுறத்தில் வைத்து வழிபட்டு வந்ததைக் கண்டு, அதனை மனத்திலும் இடம்மாற்றி வைத்தார். முன்னெல்லாம் கால்நாழிகையில் முடியும் வலம் அன்று மூன்று நாழிகை ஆயிற்று. வீட்டில் மனைவியார், வண்டி பஞ்சராகி வழியில் நின்றுவிட்டதோ என்று வாயிலில் வந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.