பிசினுக்குள் மூடிய போர்டு

புதுச்சேரி லாஸ்பேட்டையின் பழுதுபார்க்கும் கடைகளுக்கு வரும் மின்னணுப் போர்டுகள் இரண்டு வகை. ஒன்றில் பாகங்கள் வெளியே தெரியும். மீட்டரின் இரண்டு முனைகளை வைத்துப் பார்த்தால் எது போயிருக்கிறது என்று பிடித்துவிடலாம். இன்னொன்று பிளாஸ்டிக் தட்டில் உட்கார வைத்து, மேலே ரெசின் ஊற்றி மூடியது. வாஷிங் மெஷின் போர்டு, பைக்கின் சிடிஐ, எல்இடி டிரைவர் போன்றவற்றில் இந்த வகை அதிகம். உள்ளே கெட்டுப்போவது பல நேரம் ஒரு ரிலேயோ, ட்ரையாக்கோ, கெப்பாசிட்டரோதான். அதை மாற்றுவது சில நிமிட வேலை. அந்தப் பாகம்வரை போய்ச் சேர்வதில்தான் தொழிலே இருக்கிறது. அந்த வேலையைக் கூர்ந்து கவனித்ததில் எனக்கு உறுதிப்பட்டது இது: போர்டை மூடுவது அவசியம்தான், ஆனால் திறக்கவே முடியாதபடி மூடுவது அவசியம் இல்லை. அது தயாரிப்பவர் எடுக்கும் முடிவு. அதன் விலையைக் கொடுப்பவர்கள் பொருளை வாங்கியவரும் மெக்கானிக்கும்.

எபாக்சி என்பது நம் வீடுகளில் அரால்டைட் என்ற பெயரில் பழகிய பசையின் குடும்பம். ரெசினும் ஹார்டனரும் கலந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலையாகப் பின்னிக்கொள்கின்றன. அவித்த முட்டை மறுபடி இளகாததைப் போல, இறுகிய எபாக்சி எந்தச் சூட்டிலும் உருகாது. சூடு மிஞ்சினால் கருகும். ஆனால் அதற்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் கடினம் போய் ரப்பர்த் தன்மை வந்துவிடும். அறைச் சூட்டிலேயே இறுகும் வகைகளுக்கு இது பெரும்பாலும் 50 முதல் 80 டிகிரி செல்சியஸ். மெக்கானிக்கின் கைக்கு எட்டும் ஒரே கதவு இதுதான், அதுவும் முழுதாகத் திறக்காத கதவு. போர்டே கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்ந்து செய்ததுதான். சாதாரண எஃப்ஆர்-4 ரகம் 130, 140 டிகிரியில் தளரத் தொடங்கும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் மேல் 85 அல்லது 105 டிகிரி என்றே அச்சிட்டிருக்கும். ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகும். ஆகவே மேலே ஊற்றியது தளர வேண்டும், கீழே இருப்பது தளரக் கூடாது என்ற குறுகிய இடைவெளிக்குள் எல்லாம் நடந்து முடிய வேண்டும். ஹாட் ஏர் கன்னில் தெரியும் எண் காற்றின் சூடு. ரெசினின் சூட்டைத் தீர்மானிப்பது கன்னைப் பிடிக்கும் தூரமும் அதை நகர்த்தும் வேகமும். தளர்ந்த இடத்தை மூங்கில் குச்சியாலோ மழுங்கிய பிளாஸ்டிக் முனையாலோ சிறுசிறு துண்டாகப் பெயர்த்தெடுக்கிறார்கள். கத்தி வைத்தால் தாமிரத் தடம் அறுந்துவிடும். அவசரமாக இழுத்தால் அரிசி நொய் அளவே உள்ள ரெசிஸ்டர்களும் ரெசினோடு வந்துவிடும். அதனால் தேர்ந்த கை முழுப் போர்டையும் திறப்பதில்லை. மின்சாரம் கொடுத்து, வெளியே நீட்டியிருக்கும் முனைகளில் அளந்து, எந்த ரிலே சத்தம் கொடுக்கிறது என்று கேட்டு, பழுது எந்த மூலையில் என்று முடிவு செய்த பிறகே அந்த இடத்தை மட்டும் தோண்டுகிறது. இந்தத் தொழிலின் பாதித் திறமை, தோண்டாமல் விடும் இடத்தை அறிவதில் இருக்கிறது.

ஏதாவது கெமிக்கலில் ஊற வைத்தால் ஆகாதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். அசிட்டோன் நன்கு இறுகிய எபாக்சியை லேசில் அசைப்பதில்லை. பெயின்ட் உரிக்கப் பயன்பட்ட டைக்குளோரோமீத்தேன் அதை ஊதிப் பிளக்கும். ஆனால் அந்தத் திரவத்துக்கு, மேலே ஊற்றிய எபாக்சிக்கும், போர்டுக்குள் இருக்கும் எபாக்சிக்கும், ஐசியின் கறுப்பு உடலாக இருக்கும் எபாக்சிக்கும் வேறுபாடு தெரியாது. அதன் ஆவி ஆளையே கொல்லக்கூடியது என்பதால் 2024இல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது. ஆய்வகங்களில் ஐசியைத் திறக்கப் புகையும் நைட்ரிக் அமிலத்தைக் கையாள்கிறார்கள். அது புகை உறிஞ்சும் கூண்டும் பயிற்சியும் உள்ள இடத்தின் வேலை, தெருக்கடையின் வேலை அல்ல.

தயாரிப்பாளர் தரப்புக்கு ஒரு வலுவான வாதம் உண்டு. கடலோர ஊரில் உப்புக் காற்று தாமிரத்தை அரிக்கும். பல்லியும் எறும்பும் போர்டுக்குள் புகுந்து ஷார்ட் ஆக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையில் வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. மூடாத போர்டு இங்கே நெடுநாள் தாங்காது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஈரத்தைத் தடுப்பது மூடுவதுதான், கடினம் அல்ல. வாஷிங் மெஷின் போர்டுகள் பலவற்றில் ஊற்றப்படுவது மென்மையான பாலியூரித்தேன். சோப்புத் தண்ணீருக்கும் டிரம்மின் அதிர்வுக்கும் பக்கத்திலேயே அது ஆண்டுக்கணக்கில் காக்கிறது, தேவைப்பட்டால் பெயர்ந்தும் வருகிறது. ரயில் எஞ்சின்களில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் கையாளும் ஐஜிபிடி மாட்யூல்களுக்குள் இருப்பது சிலிக்கோன் ஜெல், விரலால் அமுக்கினால் அமுங்குவது. அதிர்வும் சூடும் உயர் மின்னழுத்தமும் உள்ள இடத்துக்கே அது போதுமென்றால், வீட்டு விளக்கின் டிரைவருக்குக் கல்லாக இறுகும் எபாக்சி ஏன்? கடினமான எபாக்சி தானே பழுதை உண்டாக்குவதும் உண்டு. சூட்டில் அது போர்டைவிடப் பல மடங்கு விரிகிறது, குளிரும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் சால்டர் இணைப்புகளையும் கண்ணாடி உடல் டயோடுகளையும் இழுத்து நெரிக்கிறது. பாதுகாக்க ஊற்றியதே உள்ளே இருப்பதை உடைக்கிறது.

வடிவமைப்பை யாரும் நகலெடுக்காமல் இருக்க என்பது அடுத்த காரணம். நகலெடுக்கப் பணம் போடுகிறவருக்கு எக்ஸ்ரேயும் அமிலமும் கிடைக்கும். பத்துப் போர்டைப் பாழாக்கிப் பதினொன்றாவதில் படித்துக்கொள்வார். கையில் ஒரே ஒரு போர்டு உள்ள வாடிக்கையாளரின் மெக்கானிக்தான் தடைபடுகிறார். புதுப் போர்டு வாங்கிக்கொள்ளலாமே என்றால், மாடல் நின்ற பிறகு போர்டு கிடைக்கும் என்பதற்கு உறுதி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச்சிலிருந்து வாஷிங் மெஷின் போர்டுகளைப் பத்து ஆண்டுகள் தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. திறந்து சரிசெய்தது மறுபடி ஈரத்தில் கெடுமே என்ற கேள்வி நியாயமானது. பழுது பார்த்த இடத்தைத் துடைத்துக் காய வைத்து, மறுபடி சிலிக்கோனோ பாதுகாப்பு வார்னிஷோ பூசாமல் கொடுப்பவர் வேலையை முடிக்கவில்லை என்றே சொல்வேன்.

எரிவாயு சூழும் இடங்களுக்கான கருவிகள், உடலுக்குள் பொருத்தும் சாதனங்கள் போன்றவற்றில் மூடியிருப்பதே உயிர்காப்பு. அவற்றை எந்தக் கடையும் திறக்கக் கூடாது. மற்ற வேலைகளிலும் ஆபத்து இருக்கிறது. பாலியூரித்தேன் அதிகம் சூடானால் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் வெளியேறும். கருகும் போர்டிலிருந்து புரோமின் சேர்மங்கள் வரும். சுரண்டினால் கண்ணாடித் தூசு பறக்கும். சிறிய அறையில் மேலே சுழலும் ஃபேன் அந்தப் புகையைச் சுற்றிச் சுற்றி மூக்குக்கே கொண்டுவருகிறது. காற்றை வெளியே இழுக்கும் எக்சாஸ்ட் ஃபேனும் ஆவியை வடிகட்டும் முகமூடியும் இந்த வேலையின் கருவிகளாகவே எண்ணப்பட வேண்டும். ஆனால் எந்த ரெசினைச் சூடாக்குகிறோம் என்றே தெரியாதவரிடம் பாதுகாப்பாக வேலை செய் என்று சொல்வதில் பயனில்லை. இப்போது அவர் நிறத்தைப் பார்த்தும் நகத்தால் அழுத்தியும் ஊகிக்கிறார்.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. கையேடுகளும் உதிரிபாகங்களும் பற்றிய பேச்சோடு, மூடும் பொருளும் அதில் சேர வேண்டும். ஊற்றியது எபாக்சியா, பாலியூரித்தேனா, சிலிக்கோனா, எத்தனை டிகிரியில் தளரும் என்பதைத் தட்டின் பக்கவாட்டில் அச்சிட ஒரு வரி போதும். தயாரிப்பவருக்கு அந்த எண் ரெசின் வாங்கிய அன்றே தெரியும்.