மாமாவின் வண்டியும் எட்டடி பைப்பும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று கேட்டதும் கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். கவிதைக்கு நம்மிடம் ஆள் பஞ்சமில்லை. எனக்குத் தெரிந்தது ஆன்டெனா. அதுவும் எவ்வளவு தெரிந்தது என்பதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீடு சுசீந்திரம் பக்கம். என் மாமா ஒரு டூரிஸ்ட் வேன் வைத்திருக்கிறார். வெளிநாட்டில் மோட்டார் ஹோம் என்கிறார்களே, அதற்கு எங்கள் ஊர் பதில் மாமாவின் வண்டிதான். காசி யாத்திரை என்றால் பதினைந்து நாள். பின்சீட்டைக் கழற்றி மெத்தை விரித்து, கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை, தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றிவிடுவார். சமையல் வழியில், படுக்கை வண்டிக்குள்.

இந்தத் தடவை காசிக்குப் பதிவு செய்த பெரியவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். ராத்திரி தங்குகிற இடத்தில் டி.வி. வேண்டும். மாமாவும் தலையாட்டி அட்வான்ஸ் வாங்கி, அதை வண்டித் தவணைக்குக் கட்டியும் விட்டார். பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

"லேய் மருமவனே, எலக்ட்ரானிக்ஸ் படிக்கியே, வண்டி மேல ஆன்டெனா வச்சு படம் வர வைப்பியா? முடியாதுன்னா இப்பமே சொல்லிரு."

முடியாது என்று சொல்ல எந்த டிப்ளமா மாணவனுக்கு மனசு வரும்? ஆன்டெனா பேப்பரில் எனக்கு அரியர் இருப்பதை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாட்டா காலத்து ஜி.ஐ. பைப் இன்னும் நிற்கிறது. அதில் ஒரு காலத்தில் இரண்டு யாகி ஆன்டெனா இருந்ததாம். ஒன்று வடமேற்கே திருவனந்தபுரம் தூர்தர்ஷனுக்கு. மற்றது கிழக்கே கடலைத் தாண்டி, 1982-ல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினிக்கு. ஒருவர் மாடியில் பைப்பைத் திருக, ஒருவர் முற்றத்தில் நிற்க, ஒருவர் உள்ளே இருந்து "வந்தாச்சு... போச்சு... இப்பம் வந்தாச்சு" என்று கத்த, அது குடும்ப வேலை. பாட்டா எப்போதும் சொல்வார்: "பைப்பு உசந்தா படம் தெளியும்."

அந்த வாக்கை மனதில் வைத்துக்கொண்டு வடசேரிக்குப் போய் எட்டடி ஜி.ஐ. பைப்பும் கிளாம்பும் வாங்கினேன். தூர்தர்ஷனின் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பு 2022-க்குள் பெரும்பாலும் நின்றுவிட்டதால் யாகி பயன்படாது. எனவே 60 செ.மீ. டிஷ், டி.டி. ஃப்ரீ டிஷ் பெட்டி, மாதக் கட்டணம் கிடையாது. வண்டியின் கேரியரில் பைப்பை நட்டு, அதன் உச்சியில் டிஷ். இதுதான் என் திட்டம்.

ஒரு சாயங்காலம் வீட்டு முன் ரோட்டோரம் வண்டியை நிறுத்தினோம். கிளீனர் தம்பி கேரியரில் ஏறினான். என்னைவிட இரண்டு வயது இளையவன். நான் கீழே நின்று செல்போனில் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டு, "தூக்குடே, நேரா தூக்கு" என்றேன். அவன் பைப்பை நிமிர்த்தினான்.

"லேய்! கீழ போடுலே!"

மாமாவின் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தம்பி பயந்து பைப்பை அப்படியே வயல் பக்கம் போட்டுவிட்டான். அப்போதுதான் நான் மேலே பார்த்தேன். ரோட்டைக் குறுக்கே கடந்து போகிறது 11,000 வோல்ட் லைன்.

மாமா என்னைத் திட்டவில்லை. தம்பியைக் கீழே இறக்கித் தண்ணீர் கொடுத்தார். அவன் கை நடுங்கியது. அது எனக்குத் திட்டைவிட அதிகமாக உறைத்தது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நோட்டில் கணக்குப் போட்டேன். வண்டி கேரியரோடு ஒன்பது அடி. பைப்பைப் பிடித்த கை நாலடி. பைப் எட்டடி. மொத்தம் இருபத்தொரு அடி. ரோட்டைக் கடக்கும் உயர் அழுத்தக் கம்பிக்கு விதிப்படி குறைந்தபட்ச உயரம் 6.1 மீட்டர். அதாவது இருபது அடி! கம்பி அதைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்ததால் தம்பி பிழைத்தான். அந்த வோல்டேஜில் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாய்ந்துவிடும்.

அடுத்த பக்கத்தில் இன்னொரு கணக்கு. பாட்டாவுக்கு உயரம் தேவைப்பட்டது. ஏனென்றால் திருவனந்தபுரத்து அலை பூமியை ஒட்டி வருவது. பூமியின் வளைவும் மரமும் மலையும் மறைக்கும். ஆனால் ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. அது நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. நாகர்கோவிலிலிருந்து பார்த்தால் தரையிலிருந்து 69 டிகிரி ஏற்றத்தில், கிட்டத்தட்ட உச்சியில்! 36,000 கி.மீ.க்கு முன்னால் என் எட்டடி எந்த மூலைக்கு? டிஷ்ஷுக்கு வேண்டியது உயரம் இல்லை. மறைப்பில்லாத வானமும் சரியான திசையும்தான். தேவையே இல்லாத ஒரு பைப்புக்காக ஒரு உயிரைக் கம்பிக்குப் பக்கத்தில் அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் பைப்பை ஒரு அடியாக அறுத்து, கேரியரில் போல்ட் போட்டு முடுக்கினேன். ஓடும்போது டிஷ்ஷைக் கழற்றி உள்ளே வைக்க பட்டர்பிளை நட். கூரையில் ஓட்டை போடவில்லை. கேபிளை ஜன்னல் வழியே விட்டேன். நுழையுமுன் கீழே ஒரு தொங்கல் விட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே வராது. டி.வி.க்கு வண்டி பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர்.

வண்டி ஊர் மாறினால் திசையும் மாறுமே! அதற்கு ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் நாகர்கோவில் 116 டிகிரி, ஏற்றம் 69. நாக்பூர் 145, ஏற்றம் 60. காசி 156, ஏற்றம் 58. எல்.என்.பி.யையும் கிளிப்பில் கொஞ்சம் திருக வேண்டும். இரண்டு மூன்று டிகிரி தவறினாலே படம் போய்விடும் என்பதால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொன்னேன். அட்டையின் முதல் வரி மட்டும் பெரிய எழுத்தில்: "மேலே கம்பி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கேரியரில் ஏறவும்."

காசியிலிருந்து மாமா போன் செய்தார். "மருமவனே, படம் கண்ணாடி மாதிரி தெரியுது. மழை பேஞ்சா மட்டும் கொஞ்சம் நிக்கி." கே.யு. பேண்டில் அது இயல்புதான். பிறகு போனைக் கிளீனர் தம்பியிடம் கொடுத்தார். "அண்ணே, ஏறதுக்கு முன்னாடி மேல பாத்துட்டுதான் ஏறுகேன்" என்றான். எனக்குப் பதில் பேச வரவில்லை.

நண்பர்களே, நாளைக்கு நாமெல்லாம் சைட்டில் நின்று இன்னொருவனை "ஏறு, தூக்கு" என்று சொல்லப் போகிறவர்கள். பெரியவர்கள் செய்தது அவர்கள் காலத்துக்குச் சரி. அது நமக்கு எதற்கு என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் தலையை நிமிர்த்தி ஒரு தடவை மேலே பாருங்கள்.

பிறகு ஒரு விஷயம். அந்த அரியர் பேப்பரை இந்த முறை எழுதிவிட்டேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை!