வெள்ளைப் பூவும் என் தாயின் கைகளும்

ஐப்பசி மழை விழுந்துவிட்டால் எங்கள் மயிலாடும்பாறையின் தரிசெல்லாம் பச்சை போர்த்திக்கொள்ளும். அடுத்த மாதமே அப்பச்சையின்மேல் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள்! பேருந்தில் செல்வோர்க்கு அது கண்கொள்ளாக் காட்சி. எனக்கோ அன்று தொடங்கும் தும்மல். விடியலில் எழுந்தால் இருபது தும்மல், கண்ணில் அரிப்பு, இரவில் நெஞ்சில் இழுப்பு. "மூல வைகைப் புதுத்தண்ணீர் உனக்கு ஆகவில்லை" என்று அம்மா சுக்குக் கஷாயம் வைப்பார். பாவம் வைகை! செய்யாத குற்றத்தை எத்தனை ஆண்டு சுமந்ததோ!

இவ்வாண்டு தாவரவியல் ஆய்வகத்தில், அவரவர் ஊர்ப் பூவைக் கொண்டுவரச் சொன்னார் பேராசிரியர். நான் பறித்துச் சென்றது அந்த வெள்ளைப் பூவை. நுண்ணோக்கியில் கண்டேன்: உடலெங்கும் முள் முளைத்த நுண்ணிய பந்துகள். அதுதான் மகரந்தம், காற்றில் ஏறி மூக்கில் புகுந்து சிலருக்கு ஒவ்வாமையைத் தருவது. செடியின் பெயர் பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கோதுமையோடு கலந்து வந்ததென்பர். 1950களில் பூனாவில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிற்று. ஒரு செடியே பல்லாயிரம் விதைகளை உதிர்க்குமாம். இதைத் தின்னும் மெக்சிகோ வண்டுகளை 1984இல் பெங்களூரில் விட்டார்கள். எங்கள் ஊரில் நான் அவ்வண்டைக் கண்டதில்லை.

பேராசிரியர் மேலும் ஒன்று சொன்னார். இச்செடியிலுள்ள பார்த்தீனின் என்னும் நச்சுப்பொருள் சிலர் தோலைத் தடிக்கச் செய்யும். கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு எங்கும் அரிக்கும். எனக்குத் திடுக்கிட்டது. அவர் வருணித்தது என் அம்மாவையல்லவா? களையெடுக்கும் கூலி வேலையில் ஆண்டுதோறும் வெறுங்கையால் இதைப் பிடுங்குகிறவர் அவர்.

வீடு வந்ததும், "அம்மா, அந்த விஷச்செடியைத் தொடாதீங்க" என்றேன்.

"தொடாம எப்படிய்யா பிடுங்குறது?" என்று சிரித்தார்.

உதவித்தொகையில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கித் தந்தேன். இரண்டு நாள் அணிந்தார். மூன்றாம் நாள் அது தகரப்பெட்டிக்குள் போய்விட்டது. "உறை மாட்டுனா வேரு பிடிபட மாட்டேங்குது, மத்தவுக வரிசையை முடிச்சுட்டு நிக்கிறாக, நான் பாதியில நிக்கிறேன். நாளைக்கு யாரு என்னைக் கூப்பிடுவா?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. ஒவ்வாமையைப் பற்றி நான் படித்த பக்கங்களில் வரிசை முடிக்கும் கணக்கு எங்கும் இல்லை.

இப்போது ஞாயிறுதோறும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் வரிசையில் நானும் இறங்குகிறேன். கையுறை என் கையில். பூவிட்ட செடிகளை நான் பிடுங்க, பூவிடாதவற்றை அவர் எடுப்பது என்று பேச்சு. நான் தும்மத் தொடங்கினால் மட்டும் அம்மா அந்த உடன்பாட்டை மீறிவிடுகிறார்.